இண்டி படத்துல (பெரிய ஸ்டுடியோ இல்லாம தனியா எடுக்கிற படம்) ஏன் சாதாரண ஆளுங்கள நடிக்க வைக்கிறாங்க?

ஒரு கலைஞன் தன்னையே திறந்து காட்டுற கதைக்கு நடிப்பு தொழிலா இல்லாத ஆளுங்கள எடுக்கிறது ஏன்னு கேக்குறாங்க. தேர்ந்த நடிகருக்கு அழுகையைக்கூட அளந்து காட்டத் தெரியும், பழக்கமில்லாதவங்களுக்கு அவ்வளவா மறைக்கத் தெரியாது, அந்தக் கூச்சம் தடுமாற்றம் எல்லாம் அப்படியே ஸ்கிரீன்ல வந்துடும், படம் பேச வர்றதே அதைத்தானே. போட்டோவுக்கு 'சிரிங்க'ன்னதும் வர்ற முகம் வேற, யாரும் பாக்கலன்னு நினைக்கும்போது இருக்கிற முகம் வேற, டைரக்டருக்கு வேண்டியது ரெண்டாவது. ஈரான் டைரக்டர் கியாரோஸ்தாமியோட 1990-ல வந்த 'க்ளோஸ்-அப்' படத்துல, தான் ஒரு பிரபல டைரக்டர்னு சொல்லி ஏமாத்தினவரும் ஏமாந்த குடும்பமும் தங்களாவே நடிச்சாங்க, எனக்கு இன்னும் மறக்கல. செலவு கம்மின்னுதான் இப்படிப் பண்றாங்கன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது மட்டும் இல்ல, சரியான ஆளைத் தேடி அவங்களுக்கு நம்பிக்கை வர்ற வரைக்கும் பழகவே சில சமயம் மாசக்கணக்கா ஆகும்.