காலைல ஓடிட்டு வந்தா சுகர் ஏறுதே, ஏன் டாக்டர்?

கேள்வி: எனக்கு 48 வயசு, பழைய வண்ணாரப்பேட்டை. எம்.சி. ரோட்டுல ஜவுளிக் கடைல வேலை. 6 வருஷமா சுகர், மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் போடுறேன். விடியக்காலைல ஓடுனாதான் பலன்னு கூட இருக்கிறவங்க சொன்னதால 4:45க்கு எழுந்து வெறும் வயித்துல ஓடுறேன். ஓடறதுக்கு முன்ன 138, வந்து பாத்தா 171. கடை மூடி படுக்கவே 12 ஆயிடுது. நேரத்த மாத்தலாமா?

பதில்: தாராளமா மாத்துங்கண்ணே. மெஷின் மேல தப்பு இல்ல. விடியற நேரத்துல கார்டிசால் மாதிரி ஹார்மோன்லாம் தானா ஏறும், லிவரும் சேத்து வெச்ச சர்க்கரைய ரத்தத்துல இறக்கிவிடும், அதுக்கு மேல நீங்க மூச்சு வாங்க ஓடுனா அட்ரினலினும் சேந்துக்கும், ரீடிங் ஏறாம என்ன பண்ணும். ஸ்வீடன்ல 2019ல வந்த ஒரு ஆய்வுல டைப் 2 சுகர் உள்ள 11 ஆம்பளைங்கள ரெண்டு வாரம் காலைல, ரெண்டு வாரம் மதியத்துக்கு மேல கடுமையா சைக்கிள் மிதிக்க விட்டாங்க, காலைல செஞ்சப்போ சுகர் ஏறுச்சு, மதியத்துக்கு மேல செஞ்சப்போ இறங்குச்சு. சின்ன ஆய்வுதான், ஆனா உங்க நோட்டுல இருக்கிறதும் அதே கதைதானே.

எனக்கு பெரிய கவலை அந்த 4:45தான். அஞ்சு மணி நேரம்கூட தூங்காம ஓடுனா, தூக்கக் குறைவே இன்சுலின் வேலைய மந்தமாக்கும், பிரஷரையும் ஏத்தும். அதுலயும் மார்கழி பனில புகை மேல போகாம கீழயே தங்கும், நம்ம எண்ணூர், மணலி பக்கம் இருக்கிற ஃபேக்டரியும் கன்டெய்னர் லாரியும் சொல்லவே வேணாம், அந்த ரோட்டோரத்துல ஆழமா மூச்சு இழுத்து ஓடறது எதுக்கு?

இப்படி பண்ணிப் பாருங்க. காலைல ஆறரை வரைக்கும் தூங்குங்க, டிபன் முடிச்சு கடைக்கு கொஞ்ச தூரம் நடந்தே போங்க. மதியம் சோறு சாப்ட்டதும் ஸ்டூல்ல உக்காராம பத்து நிமிஷம் கடைக்குள்ளயே நடங்க, இல்ல மாடி ஏறி இறங்குங்க, சர்க்கரை ஏற ஆரம்பிக்கும்போதே தசை அத இழுத்துக்கும். நைட்டு சாப்பாட்டுக்கு அப்புறமும் அதே பத்து நிமிஷம் மொட்டை மாடில, ஆனா படுக்கப் போற நேரத்துல ஓட்டம் வேணாம், தூக்கம் கெடும். லீவு நாள்ல வெயில் தாழ்ந்தப்புறம் ராபின்சன் பார்க்ல வேகமா நடங்க. வாரத்துக்கு 150 நிமிஷம் வந்தா போதும், அதுக்குள்ள காலையா சாயங்காலமான்னு சண்டையே வேணாம். உங்ககிட்ட சொன்னவங்கள்ல சுகர் இல்லாத ஒருத்தர் நல்லா தூங்கி எழுந்து காலைல ஓடறாருன்னா அவர் ஓடட்டும்.

ஒண்ணு முக்கியம். கிளிமிபிரைடு போடறவங்களுக்கு சாயங்காலம் பசியோட நடந்தா லோ சுகர் ஆகலாம், கை நடுக்கம், வேர்வை, கண்ணு இருட்டுச்சுன்னா உடனே நின்னு சர்க்கரையோ குளுக்கோஸோ வாய்ல போடுங்க, பாக்கெட்ல எப்பவும் இருக்கட்டும். நெஞ்சுல பாரம், தாடை இல்ல இடது கை வலின்னா கேஸ்னு நெனச்சு வீட்டுக்குப் போய் சோடா குடிக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுங்க. அடுத்த செக்கப்புக்கு அந்த சுகர் நோட்ட கையோட கொண்டு போங்க, மாத்திரை டோஸ குறைக்கணுமான்னு உங்க டாக்டர் பாத்து சொல்வாரு, நீங்களா நிறுத்திடாதீங்க.