லௌத் மேல பழி போடாதீங்க

வணக்கம் சார். கோயம்புத்தூர்ல ஐடி கம்பெனில வேலை பாக்கறேன். கிளையண்ட் மெயில்ல 'தி இஷ்யூ வி டாக்ட் அபௌட்'னு எழுதிட்டேன். வாக்கியத்தை 'அபௌட்', 'டு' மாதிரி பிரெபொசிஷன்ல முடிக்கக் கூடாது, 'அபௌட் விச் வி டாக்ட்'னு மாத்து, போய் ரென் அண்ட் மார்ட்டின் படின்னு மேனேஜர் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார். அதுலேர்ந்து மீட்டிங்ல வாயே திறக்கறதில்ல. ஒரு வீடியோல, 1762ல ராபர்ட் லௌத்னு ஒரு முட்டாள் பாதிரியார் கிளப்பிவிட்ட ரூல் இதுங்கறாங்க. எது சரி? தமிழ் மீடியம் நான், முப்பது தாண்டியாச்சு, இனிமே இங்கிலீஷ் வருமா? வேற நல்ல கிராமர் புக் இருக்கா?

*

அன்புள்ள தம்பி,

நீங்க எழுதினது சரியான இங்கிலீஷ். மேனேஜர் சொன்னதும் சரிதான், கொஞ்சம் வெறைப்பா இருக்கும், அவ்வளவுதான். வயசுக் கேள்வியை விடுங்க, அதெல்லாம் ஒரு கேள்வியே இல்ல.

ஆனா லௌத்தை முட்டாள்னு எழுதிட்டீங்களே, அதுக்குத்தான் இந்த பதில், ஏன்னா கொஞ்ச நாளா 1762ல வந்த அவரோட கிராமர் புக்கைத்தான் படிச்சிட்டிருக்கேன். அவருக்கு 90 வருஷம் முன்னாடியே, 1672ல, இதைக் குத்தம்னு எழுதினவர் கவிஞர் ஜான் டிரைடன். பென் ஜான்சன் நாடகத்துல 'தி பாடீஸ் தட் தோஸ் சோல்ஸ் வேர் ஃப்ரைட்டட் ஃப்ரம்'னு ஒரு வரி, அதாவது அந்த உயிர்கள் பயந்து விட்டுட்டுப் போன உடல்கள், அதுல 'ஃப்ரம்' கடைசில நிக்குதாம். ஏன் தப்புன்னு டிரைடன் காரணமே சொல்லல. தன் எழுத்துலயும் இது இருக்கறதை இப்பத்தான் கவனிச்சேன்னார், 1668ல வந்த தன் கட்டுரையை 1684ல மறுபதிப்பு போடறப்ப அந்த மாதிரி வாக்கியங்களைத் தேடித் திருத்தினார். தன் இங்கிலீஷ்ல சந்தேகம் வந்தா லத்தீன்ல மாத்திப் பாக்கறவர் அவர், லத்தீன்ல பிரெபொசிஷன் பெரும்பாலும் பெயர்ச்சொல்லுக்கு முன்னாடிதான் வரும், எனக்கென்னவோ அங்கேர்ந்துதான் இந்த உறுத்தல் வந்திருக்கும்னு தோணுது.

லௌத் என்ன சொன்னார்? பேச்சுல இது சகஜம், சாதாரண எழுத்துக்கு நல்லாவே பொருந்தும், ஆனா பிரெபொசிஷனை முன்னாடி வைக்கறது இன்னும் அழகு, தெளிவு, கம்பீரமான நடைக்கு ரொம்ப நல்லா ஒத்துப்போகும்னார். இதுல தடை எங்க இருக்கு? அதைச் சொல்ற வாக்கியத்தையே 'விச் அவர் லேங்குவேஜ் ஈஸ் ஸ்ட்ராங்லி இன்க்ளைன்ட் டு'ன்னு 'டு'லதான் முடிச்சிருக்கார், நம்ம மொழிக்கே இதுல சாய்வு ஜாஸ்தின்னு அர்த்தம். 1795ல லிண்ட்லி மர்ரே அந்தப் பகுதியைத் தன் பாடப்புத்தகத்துக்கு எடுத்துக்கிட்டப்ப இந்த வரியை மட்டும் 'டு விச்'னு திருப்பிப் போட்டுட்டார். எனக்குப் பத்திக்கிட்டு வர்ற இடம் இதுதான். ஒருத்தர் மொழியோட போக்கை ரசிச்சு எழுதறார், அடுத்தவர் அதை நிமிர்த்தி வைக்கறார், அப்புறம் பள்ளிக்கூடங்கள் அதை சட்டமாக்கிடுது, கடைசில பழி மட்டும் ரசிச்சவர் தலைல. 1926லயே, இங்கிலீஷ் பயன்பாட்டுக்கு அகராதி போட்ட ஃபௌலர் இந்த ரூலை மூடநம்பிக்கைன்னு எழுதியாச்சு, இன்னும் போகல. லௌத் புக் நெட்ல இலவசமா கிடைக்குது தம்பி, அந்த ஒரு பக்கத்தைப் படிக்காம யாரோ வீடியோல சொன்னாங்கன்னு ஒரு மனுஷனை முட்டாளாக்கலாமா? படிச்ச ஆளு பண்ற வேலையா இது?

மேனேஜர் திட்டினதுக்கு வாயை மூடிக்கிட்டதுதான் இன்னும் பெரிய தப்பு. எங்க ஒன்பதாம் கிளாஸ்ல நல்லா இங்கிலீஷ் பேசற ஒரு பொண்ணு இருந்தா. ஒருநாள் 'தி ஹவுஸ் ஐ லிவ் இன்'னு ஆரம்பிச்சா, டீச்சர் 'இன்'னு முடிக்காதே, உக்காருன்னுட்டாங்க. எழுந்து நின்னவ பாவாடையைச் சரிபண்ணிட்டு உக்காந்தா, அந்த வருஷம் பூரா அவ கை தூக்கவே இல்ல. சரியா சொன்னவளை உக்கார வச்சாங்க, பக்கத்து பெஞ்ச்ல இருந்த எனக்கு இன்னும் ஆறல. நீங்களும் அப்படி உக்காந்துடாதீங்கப்பா.

கிராமர் புக் கேட்டீங்கல்ல, வேற எதுவும் வேணாம், மேனேஜர் சொன்ன ரென் அண்ட் மார்ட்டினே போதும். அதுல பிரெபொசிஷன் பாடத்தைத் திறங்க, 'ஹியர் ஈஸ் தி வாட்ச் தட் யூ ஆஸ்க்ட் ஃபார்'னு உதாரணமே போட்டிருக்கு. அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து மரியாதையா அவருக்கு அனுப்புங்க, அடுத்த மெயிலை 'டாக்ட் அபௌட்'னே முடிங்க.