மாடி வீட்டு ஏசிக்கும் நீங்களே கட்டுவதா?

கேள்வி: மதுரையில் சொந்த வீடு. சம்பளம் 34,000. மாடியில் மைத்துனர் குடும்பம், வாடகை வாங்குவதில்லை. இரண்டு வீட்டுக்கும் ஒரே மீட்டர். கடைசி இரண்டு மாதத்துக்கான பில் 900 யூனிட், 5,820 ரூபாய். இதில் 500 யூனிட் மாடி ஏசிக்கே போகும். கேட்டால் மனைவி வருத்தப்படுவாள். கிரெடிட் கார்டில் கட்டிக் கட்டி 42,000 நிலுவை. மாதம் 2,100 மினிமம் கட்டுகிறேன். தபால் ஆபீஸ் சேமிப்பில் 60,000 இருக்கிறது. சோலார் விற்க வந்தவர் நல்ல லாபம் என்று கணக்குக் காட்டினார். 2 லட்சம் கடன் வாங்கிப் போட்டுவிடலாமா?

பதில்: சோலார் பேச்சே இப்போது வேண்டாம். மைத்துனர் வீட்டுக் கரண்டுக்கும் சேர்த்து நீங்கள் கட்டுவது முதலில் நிற்க வேண்டும்.

பில் 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரைக்கான குறைந்த விலை உங்களுக்குக் கிடையாது. 600-க்கு மேல் யூனிட் 9.45, 800-க்கு மேல் 10.50. இதே 900 யூனிட் இரண்டு மீட்டரில் ஓடினால்? கீழே 400-க்கு சுமார் 1,175, மேலே 500-க்கு சுமார் 1,805. மொத்தமே 3,000-க்குள்! இலவச 100 யூனிட்டும் இரு வீட்டுக்கும் தனித்தனியாக வரும்.

மாடிக்குத் தனி வாசல், தனி சமையலறை இருந்தால் தனி இணைப்புக்கு எழுதிக் கொடுங்கள். வயரிங் பிரிக்கும் செலவும் டெபாசிட்டும் மைத்துனருடையது. 'கேட்டால் மனைவி வருத்தப்படுவாள்' என்கிறீர்கள். மனைவியையும் உட்காரவைத்து இந்தக் கணக்கைக் காட்டுங்கள். வாடகையே கேட்காதவர் கரண்டு காசு கேட்பதில் என்ன தப்பு? வட்டி கட்டிக்கொண்டு எத்தனை நாள்தான் வாய் திறக்காமல் இருப்பீர்கள்?

கார்டு வட்டி மாதம் 3.5% என்றால் 42,000-க்கு 1,470. அதற்கு ஜிஎஸ்டி வேறு. நீங்கள் கட்டும் 2,100-ல் அசலுக்குப் போவது 400 கூட இல்லை. தபால் ஆபீஸ் பணமோ வருடத்துக்கு 4 சதவீதத்தில் கிடக்கிறது. இந்த வாரமே எடுத்துக் கார்டை முழுதாக அடைத்துவிடுங்கள்.

3 கிலோவாட் சோலாருக்கு மத்திய அரசு 78,000 மானியம் தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் விற்க வந்தவர் காட்டிய லாபம் 5,820 ரூபாய் பில்லை வைத்துப் போட்டது. மீட்டர் பிரிந்தபின் உங்கள் பங்கு மாதத்துக்கு 600 ரூபாய்தான். மானியம் போக 1.2 லட்சம் கடன் என்றாலும் ஐந்து வருடத்துக்கு மாதம் 2,400 போலத் தவணை வரும். 600-ஐ மிச்சப்படுத்த 2,400 கட்டுவீர்களா?

மைத்துனருக்கு சோலார் ஆசை இருந்தால் அவர் பெயரில் கடன் வாங்கட்டும். அதற்கு ஜாமீன் கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள்.