வன்னி மரம் பத்தி நீங்க கேட்டதும் என் பதிலும்

ஒரத்தநாடு தம்பி: அண்ணே, புது ஆத்துத் தண்ணி ஏறாத மேட்டாங்கொல்லை சும்மா கெடக்கு. வன்னி வச்சா சீமைக்கருவேலம் மாதிரி மண்டிடுமா?

பதில்: எல்லாரும் இதத்தான் கேக்குறீங்க. பார்க்க ஒண்ணு போல இருந்தாலும் குணம் வேற தம்பி. சீமைக்கருவேலம் மெக்சிகோ, தென் அமெரிக்கா பக்கத்து மரம், ஆடு மாடு காயத் தின்னு புழுக்கையிலயும் சாணியிலயும் வெதையப் போட்டே ஊரெல்லாம் பரவிடுச்சு. வன்னி நம்ம நாட்டு மரம், அது பாட்டுக்கு மெதுவா வளரும். முள்ளப் பாருங்க, சீமைக்கருவேலத்துல கணுவுல ஜோடியா நீட்டமா இருக்கும், வன்னியில குட்டையா அடி அகலமா கணுவுக்கு நடுவுலயும் அங்கங்க இருக்கும். தாராளமா வைங்க.

திருவாரூர்லேந்து ஒரு அக்கா: வயல் வரப்புல வைக்கலாமா?

பதில்: வேணாம்க்கா, தண்ணி நிக்கிற நஞ்சை அதுக்கு ஆகாது.

மன்னார்குடி: கோயில்ல சுத்தி வர்றதத் தவிர இதால என்ன பிரயோஜனம்?

பதில்: கும்பகோணம் கும்பேஸ்வரர் கோயில்லயும் வேதாரண்யத்துலயும் தல விருட்சம்ங்கிறதால நமக்கு அது சாமி மரமாவே நின்னுபோச்சு. ராஜஸ்தான் போனா தெரியும், அங்க இது மாநில மரம், பேரு கேஜ்ரி, கம்பு வெளையிற காட்டுக்குள்ளயே விட்டு வச்சிருப்பாங்க, வேர் ஆழமா எறங்குது, தழைச்சத்தும் குடுக்குது, அதனால கீழ இருக்குற பயிர் கெடாம நல்லாவே வரும். குளிர் காலத்துல கிளையக் கழிச்சு, காஞ்ச இலைய ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் போடுவாங்க, அதுக்கு லூங்னு பேரு. பிஞ்சுக் காய வத்தல் போட்டு வச்சு சாங்ரின்னு கொழம்பு வைப்பாங்க. 1868-69 பஞ்சத்துல பட்டைய இடிச்சு மாவாக்கித் தின்னுருக்காங்க. 1730-ல ஜோத்பூர் ராஜா ஆளுங்க இத வெட்ட வந்தப்ப கேஜர்லி கிராமத்துல அம்ரிதா தேவி மரத்தக் கட்டிப்பிடிச்சு உயிர விட்டாங்க, அவங்களோட சேர்த்து 363 பிஷ்னோய் சமூகத்து ஜனங்க செத்ததா சொல்றாங்க. நாம அத சுத்தி வந்து விபூதி பூசிக்கிறதோட சரி!

பேராவூரணி: கஜா புயல்ல தென்னை போன எடத்துல வச்சா எப்ப காசு பாக்கலாம்?

பதில்: காசுக்குன்னா இது வேணாம்ணே. வெறகு நல்லா நின்னு எரியும், கரியும் நல்லா வரும், ஆனா அவசரத்துக்கு ஆகாது. ஆடு வச்சிருந்தா மட்டும் யோசிங்க, மழ இல்லாத மாசத்துலயும் தழை கெடைக்கும்.

வேதாரண்யம்: உப்பு மண்ணுல வருமா? வெதை மொளைக்கவே மாட்டேங்குது சார்.

பதில்: ஓரளவு உப்பு தாங்கும். வெதைத் தோல் கெட்டி, அதனால சுடுதண்ணி ஊத்தி ராத்திரி பூரா ஊறப் போட்டு நட்டுப் பாருங்க. நாத்து வளக்குற பை நீட்டமா இருக்கட்டும், ஆணிவேர் மடங்கிட்டா கன்னு தேறாது. நட்டதும் மொத வேலையா முள்ளு வேலி போடுங்க, ஆடு மொட்டையடிச்சிடும்.