அகழி முதலையும் பி.ஏ. சீட்டும்

வணக்கம் ஐயா. பள்ளி முடித்ததும் மகளை என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்டு சனிக்கிழமை வந்திருந்தீர்கள். அவளை வைத்துக்கொண்டு சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

நீங்கள் ஃபோன் பேச வெளியே போன பத்து நிமிடத்தில் அவள் பையிலிருந்து ஒரு லாங் சைஸ் நோட்டை எடுத்துக் காட்டினாள். பின்பக்கம் கெமிஸ்ட்ரி, முன்பக்கம் கதை. வேலூர்க் கோட்டை அகழியில் அந்தக் காலத்து முதலை ஒன்று மிச்சமிருக்கிறது. தண்ணீர் வற்றிப்போனதும் ஊரைவிட்டே போய்விட நினைத்துக் காட்பாடி ஸ்டேஷனுக்குக் கிளம்புகிறது. மூன்று பக்கம் வரை எழுத்துப்பிழைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நாலாவது பக்கத்தில் எண்ணுவதை மறந்துவிட்டேன்.

"ஹாரி பாட்டர் எழுதின அம்மா மாதிரி ஆகணும்னு சொல்றா. சோத்துக்கு என்ன சார் பண்ணுவா?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். அந்த அம்மாவையே, ஜே.கே. ரவுலிங்கையே எடுத்துக்கொள்வோம்.

1990இல் மான்செஸ்டரிலிருந்து லண்டன் போன ரயில் தாமதமானது, அதில் கதை உதித்தது என்பதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதற்கு முந்தைய கதைதான் முக்கியம். ஜே.கே. ரவுலிங்கின் அப்பா, அம்மா இருவருமே கல்லூரிக்குப் போனதில்லை. வேலை கிடைக்கிற படிப்பாகப் படி என்றார்கள். மகளுக்கோ இலக்கியம் வேண்டும். கடைசியில் அயல்மொழிகள் என்று சமரசம் ஆனது. பெற்றோர் கல்லூரிக்குக் கொண்டுவந்து விட்ட கார் தெருமுனை திரும்புவதற்குள் ஜெர்மன் மொழியைக் கைவிட்டுப் பழைய கிரேக்க, லத்தீன் இலக்கிய வகுப்புக்கு ஓடிவிட்டதாக 2008இல் ஹார்வர்டில் அவரே சொன்னார். பிற்பாடு கதையில் வரும் மந்திரங்களுக்கு அந்த லத்தீன்தான் கைகொடுத்தது. உங்கள் மகள் அப்படி ஓடமாட்டாள், பயந்த பெண். வேலைக்காக என்று சேர்த்துவிட்டால் கம்ப்யூட்டர் சயின்ஸில் உட்கார்ந்து அரியர் வைப்பாள். அப்படி வந்த பிள்ளைகளை நிறையவே பார்த்திருக்கிறேன்.

அப்புறம், அந்த ரயிலுக்கும் முதல் புத்தகத்துக்கும் நடுவில் ஏழு வருடம். போர்ச்சுகலில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். கைக்குழந்தையோடு எடின்பரோ வந்து அரசு உதவித்தொகையில் காலம் தள்ளினார், ஆசிரியர் பயிற்சியும் முடித்தார். 12 பதிப்பகங்கள் வேண்டாம் என்றன. 1997இல் ப்ளூம்ஸ்பரி வெளியிட்டபோது கெட்டி அட்டையில் அச்சடித்தது வெறும் 500 பிரதி. குழந்தைப் புத்தகத்தில் காசு வராது, ஒரு வேலை தேடிக்கொள்ளுங்கள் என்று புத்தகத்தை எடுத்த பதிப்பாசிரியரே சொல்லியிருக்கிறார். இதை மகளிடம் அவசியம் சொல்லுங்கள்.

நம்மூர்க் கணக்கையும் போட்டுக் காட்டுங்கள். 200 ரூபாய் புத்தகம், எழுதினவருக்கு வரும் ராயல்டி 10 சதவீதம், 500 பிரதி விற்றால் 10,000 ரூபாய். ஒரு வருட உழைப்புக்கு அவ்வளவுதான்.

அதனால் படிப்பு சோற்றுக்கு, நோட்டு அவளுக்கு. இரண்டையும் போட்டுக் குழப்பவேண்டாம். பி.ஏ. தமிழோ ஆங்கிலமோ எடுக்கட்டும், பிறகு பி.எட். இரண்டு வருடம். முத்துரங்கம் அரசுக் கல்லூரி, ஊரீசு கல்லூரி, பெண்கள் கல்லூரிதான் வேண்டுமென்றால் காட்பாடி ஆக்சிலியம், எல்லாம் பஸ்ஸில் போய்வரும் தூரம். மனசு கேட்காவிட்டால் பொறியியலுக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள், தப்பில்லை. வாத்தியார் வேலையில் எழுத்து வருமா என்று யோசிக்கவேண்டாம். வாலாஜா பக்கத்து வேலம் ஊர்க்காரரான எழுத்தாளர் மு.வ. (மு. வரதராசன்) திருப்பத்தூர் தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்து, பள்ளிக்கூட வாத்தியாராகி, அப்புறம் அத்தனை நாவல் எழுதினவர்தான்.

பரீட்சை முடியும்வரை நோட்டை வாங்கிப் பீரோவில் பூட்டிவிடுவதாகச் சொன்னீர்கள். அது மட்டும் வேண்டாம். ராத்திரி ஒன்பதரை வரை பாடம், அப்புறம் அரைமணி நேரம் முதலை என்று அவளோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வரும்போது நோட்டையும் எடுத்துவரச் சொல்லுங்கள். முதலையை டிக்கெட் கவுண்டர் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாள். டிக்கெட் கிடைத்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவேண்டும்.