மலாவி நிலக்கடலை: செடி குட்டையாவதும் சரக்கு திரும்புவதும்

கேள்வி: மலாவியின் ம்சின்ஜி மாவட்டத்தில் 2 ஹெக்டேரில் சிஜி 7 ரக நிலக்கடலை பயிரிடுகிறோம். டிசம்பர் கடைசியில் விதைத்தோம். ஒரு மாதத்தில் பல செடிகள் குட்டையாகி, இலைகள் சிறுத்துக் கொத்தாக நின்றுவிட்டன. தேறிய காயைத் தண்ணீரில் நனைத்து உரித்து விற்றபோது, அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு அதிகம் என்று வியாபாரி திருப்பிவிட்டார். என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: இவை தொடர்பில்லாத இரண்டு பிரச்சினைகள். மருந்தால் தீருபவையும் அல்ல.

செடியில் வந்திருப்பது ரோசெட் நோய். சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவோடு நிற்கும் வைரஸ் நோய் இது. தமிழ்நாட்டு அனுபவத்தில் இதை இலைப்பேன் பரப்பும் மொட்டுக் கருகல் என்று நினைத்து, அந்தப் பேனுக்கு மருந்து தேடுகிறவர்கள் உண்டு. ரோசெட்டைப் பரப்புவது கறுப்பு அசுவினிப் பூச்சி. விதை வழியாக வராது. முந்தைய போகத்தில் சிந்திய கடலையிலிருந்து தானே முளைத்த செடிகளில் தங்கியிருந்து, அங்கிருந்து புதுப் பயிருக்குத் தாவும். இளம் செடியைத் தாக்கினால் காயே பிடிக்காது. காய் பிடித்த பிறகு வந்தால் இழப்பு குறைவு. அறிகுறி தெரிந்த பின் மருந்து அடித்து அந்தச் செடியை மீட்க முடியாது.

நவம்பர் பிற்பகுதியில் மழை பிடித்து மண் நன்றாக நனைந்ததும் விதைத்துவிடுங்கள். உங்கள் டிசம்பர் கடைசி விதைப்பு, அசுவினி பெருகும் நேரத்தில் பயிரை இளசாக நிறுத்திவிட்டது. அடர்த்தியும் முக்கியம், இடையில் வெறும் மண் தெரிந்தால்தான் அசுவினி அதிகம் இறங்கும். 75 செ.மீ. இடைவெளியில் பார் பிடித்து, ஒவ்வொரு பாரிலும் இரட்டை வரிசையாக, 15 செ.மீ.க்கு ஒரு பருப்பு ஊன்றுங்கள். ஹெக்டேருக்குச் சுமார் 1,78,000 செடி வரும். பருப்பு அரை கிராம் என்று வைத்தால் 90 கிலோ விதை வேண்டும். பலர் கஞ்சத்தனம் செய்வது இங்கேதான். முளைக்காத இடங்களை ஒரு வாரத்துக்குள் நிரப்புங்கள்.

1990இல் வெளியான சிஜி 7 நல்ல விளைச்சல் தரும், ஆனால் ரோசெட்டைத் தாங்காது. பாதி நிலத்திலாவது எதிர்ப்புத் திறனுள்ள ன்சின்ஜிரோ ரகத்தைப் போடுங்கள். விதைப்பு தாமதமாகும் ஆண்டில் குறுகிய கால ரகமான பாகா பொருந்தும். அதன் விதைக்கு உறக்கம் கிடையாது. முற்றிய பின் ஈர மண்ணில் விட்டால் அங்கேயே முளைத்துவிடும்.

நச்சு விஷயம் வேறு. கடைசி ஒரு மாத வறட்சியில் வெடித்த காய்க்குள் பூஞ்சை நுழைகிறது. ஆனால் உங்கள் சரக்கைக் கெடுத்ததில் நனைத்து உரித்ததற்கே பெரும் பங்கு இருக்கும் என்பது எங்கள் கணிப்பு. கைவலி குறையும் என்று பலரும் செய்வதுதான். காய வைத்த பருப்புக்குள் மறுபடியும் ஈரத்தை ஏற்றிப் பூஞ்சையை எழுப்புகிற வேலை அது. கையால் இயக்கும் உரிப்பு இயந்திரத்தை நான்கு குடும்பங்கள் சேர்ந்து வாங்கினால் போதும்.

அறுவடைக்கு முன் வயலின் பல இடங்களில் செடி பிடுங்கிக் காயின் ஓட்டைப் பிளந்து பாருங்கள். நான்கில் மூன்று காயில் உட்சுவர் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால் பறிக்கலாம். மண்ணை உதறி, காய் மேலே இருக்கும்படி செடியைக் கவிழ்த்து இரண்டு மூன்று நாள் வாட விடுங்கள். பிறகு காய் உட்பக்கமாகவும் தழை வெளிப்பக்கமாகவும் வட்டப் போர் போடலாம். மலாவியில் இதை 'மண்டேலா காக்' என்பார்கள். நடுவில் காற்றுப் போக்குக்குத் துளை விட வேண்டும். நெருக்கி அடுக்கினால் உள்ளே புழுங்கி, நோக்கத்துக்கு நேர்மாறாகிவிடும். வானம் தெளிந்திருந்தால் போரே வேண்டாம், கவிழ்த்த நிலையிலேயே காயட்டும். காயைக் குலுக்கினால் பருப்பு கலகலக்க வேண்டும். ஈரப்பதம் 7 முதல் 8 சதவீதத்துக்கு இறங்கியிருக்க வேண்டும்.

செத்த செடிகளின் காயைத் தனியே பறியுங்கள். ஓட்டோடு சணல் சாக்கில், தரையில் படாமல் பலகை மேல் அடுக்குங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் நேரடியாக உண்ணும் கடலைக்கு மொத்த அஃப்ளாடாக்சின் வரம்பு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம்தான். ஒரு கைப்பிடி கெட்ட பருப்பே ஒரு மூட்டையைத் தள்ளிவிடும். சுருங்கியது, நிறம் மாறியது, உடைந்தது எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்தாக வேண்டும். பொறுக்கியதை மாவாக்கி விற்க வேண்டாம்: வறுத்தாலும் நச்சு முழுதாகப் போகாது. எண்ணெய் ஆட்டினால் நச்சின் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கி, அதைத் தின்ற மாட்டின் பாலிலும் வரும்.