மாத்திரைக்குப் பதில் சாப்பாடா?

கேள்வி: மேடம், நான் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மனச்சோர்வுக்காக டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து இரண்டு மாதமாகிறது. காலையில் காபியோடு சரி. ராத்திரி பசித்தால் சிப்ஸ், இல்லையென்றால் நூடுல்ஸ். "சாப்பாட்டை மாத்தினாலே போதும், மாத்திரையைத் தூக்கிப் போடு" என்கிறான் ரூம்மேட். அப்படிச் செய்யலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத மாணவர்

பதில்: வேண்டாம் தம்பி. அந்த மாத்திரையைச் சட்டென்று விட்டால் தலைசுற்றல், பதற்றம், தூக்கக்கேடு எல்லாம் வரலாம், நோயும் திரும்பலாம். குறைப்பதா, நிறுத்துவதா என்று சொல்ல வேண்டியவர் உங்கள் டாக்டர். டயட்டீஷியனான நானே அதில் தலையிட மாட்டேன், ரூம்மேட் எதற்கு?

ஆனால் சாப்பாட்டைப் பற்றி ரூம்மேட் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மக்வாரி பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2019இல் வெளிவந்தது. மனச்சோர்வு அறிகுறிகளும் மோசமான உணவுப் பழக்கமும் உள்ள 76 இளைஞர்கள். வயது 17 முதல் 35 வரை. ஒரு பிரிவினர் 3 வாரம் காய்கறி, பழம், முழுதானியம், மீன், பருப்பு, கொட்டை வகைகளைக் கூட்டி, இனிப்பையும் பாக்கெட் தீனியையும் குறைத்தார்கள். அவர்களுக்கு மனச்சோர்வு நன்றாகவே குறைந்தது. வழக்கம்போலச் சாப்பிட்டவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. ஆனால் ஒன்று, தான் என்ன சாப்பிடுகிறோம் என்பது சாப்பிடுகிறவருக்குத் தெரியாமல் இருக்காது. நல்லதைச் சாப்பிடுகிறோம் என்ற நம்பிக்கையும் கொஞ்சம் வேலை செய்திருக்கும். இருந்தாலும் நான் இதை ஒதுக்க மாட்டேன்.

ஆனால் சத்து மாத்திரை டப்பாக்களை நம்பி வாங்காதீர்கள். பி12, இரும்புச்சத்து, வைட்டமின் டி, தைராய்டு இவற்றில் குறை இருந்தாலும் இதே அசதி வரும். ரத்தப் பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள், குறிப்பாக நீங்கள் சைவமென்றால். மனதுக்கு நல்லது என்று யாராவது மூலிகை மாத்திரை கொடுத்தாலும் டாக்டரைக் கேட்காமல் வாயில் போடாதீர்கள். சில மூலிகைகள் மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் ஆபத்து.

என்னிடம் வரும் மாணவர்கள் பலரும் ஏழு நாளுக்கும் அட்டவணை கேட்பார்கள். நான் தருவதில்லை. தெம்பான நாளில் போட்ட அட்டவணை, எழுந்திருக்கவே முடியாத நாளில் குற்ற உணர்ச்சியைத்தான் கூட்டும். அந்த மோசமான நாளுக்கு என்ன முடியும் என்பதிலிருந்து தொடங்குங்கள். முந்தின ராத்திரியே இரண்டு வாழைப்பழமும் ஒரு பிடி வறுத்த கடலையும் கட்டில் பக்கத்தில் இருக்கட்டும். கண் விழித்ததும் அதைச் சாப்பிட்டுவிட்டு, பிறகு காபி. முதல் வாரத்துக்கு இவ்வளவு போதும். நூடுல்ஸை விடச் சொல்லவில்லை. அதில் ஒரு முட்டையும் கைக்குக் கிடைத்த காயும் சேரட்டும். மதியத்துக்குப் பின் காபி வேண்டாம், உள்ளே போன காஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். மது அறவே கூடாது.

சாப்பாடே இறங்கவில்லை, எடை மளமளவென்று குறைகிறது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். அப்போதே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள்.